கறந்த பாலை அப்படியே குடிக்கலாமா?

திருக்கழுக்குன்றத்தில் வீடு எடுத்து, மறைமலை நகருக்கோ மகேந்திரா சிட்டிக்கோ வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்துக் கிராமத்தில் கறந்த பால் காலையிலேயே வாசலுக்கு வந்துவிடும். தண்ணி கலந்திருக்கா என்று மட்டும் பார்க்கிறோம். தண்ணீரைவிடப் பெரிய விஷயம் கண்ணுக்குத் தெரியாது.

ரீல்ஸ் பார்த்துவிட்டு அந்தப் பாலைக் காய்ச்சாமலே குடிப்பவர்கள், புரோட்டீன் ஷேக்கில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், "காய்ச்சினா சத்து போயிடும்" என்பார்கள். சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும், நிஜம்தான். கால்சியமும் புரதச் சத்தும் எங்கேயும் போகாது.

மாடு நல்லாத்தானே இருக்கு?

அதுதான் சிக்கலே. கன்று வீச்சு நோய் என்று கால்நடை வளர்ப்பவர்கள் சொல்வது, புருசெல்லா என்ற பாக்டீரியாவின் வேலை. சினை மாடு கடைசி மாதங்களில் கன்றை வீசிவிடும். அடுத்த ஈற்றில் ஒழுங்காகக் கன்று போட்டாலும் பாலில் கிருமி வந்துகொண்டே இருக்கலாம். மடியைப் பார்த்தோ பாலை மோந்து பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது.

மால்டா தீவில் பிரிட்டிஷ் படையினரை ஒரு காய்ச்சல் வாட்டியது. 1887-ல் டேவிட் புரூஸ் அதன் கிருமியைப் பிரித்தெடுத்தார். அது எப்படிப் பரவுகிறது என்று தெரிய 1905 வரை ஆனது. நோயே இல்லாதது போலத் திடமாக நின்ற ஆடுகளிடம் அந்தக் கிருமி இருப்பதை தெமிஸ்டாக்ளிஸ் சமிட் கண்டுபிடித்தார். 1906-ல் படையினருக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவெனக் குறைந்தது.

பழங்கதை என்று விட முடியாது. 2023 அக்டோபரில் திருவனந்தபுரம் மாவட்டம் வெம்பாயத்தில் தந்தைக்கும் மகனுக்கும் இதே நோய் உறுதியானது. மாடுகளைப் பராமரிக்கும்போதும் இது தொற்றும்.

2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். பால்காரரிடம் "கன்னுக்கு ஊசி போட்டாச்சாண்ணே?" என்று கேட்பதில் தப்பில்லை.

காய்ச்சினால் போதுமா?

பெரும்பாலும் போதும். 72 டிகிரியில் 15 விநாடி வைத்தாலே புருசெல்லா, காசநோய்க் கிருமி எல்லாம் செத்துவிடும். பாக்கெட் பாலில் செய்வது அதைத்தான். வீட்டில் பொங்கவிட்டுக் காய்ச்சுவது அதற்கும் மேல்.

ஆனால் நேரம் முக்கியம். வெயில் ஊரில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டானால், மூன்று மணி நேரத்தில் அது 512 ஆகிவிடும். மடி நோய் வந்த மாட்டின் பாலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் இப்படிப் பெருகும்போது ஒரு நச்சை விட்டுவைக்கும். பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் கிருமிதான் சாகும், அந்த நச்சு போகாது. அதனால் பால் வந்ததும் அடுப்பில் வையுங்கள். ஆபீஸ் முடிந்து வந்து காய்ச்சிக்கலாம் என்று வெளியில் விடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பச்சைப் பால் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே குடித்திருந்தால்? புருசெல்லா பல வாரம் கழித்துக்கூட வெளிப்படும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி, இடுப்பு வலி எல்லாம் டைபாய்டு மாதிரியே இருக்கும். ஆன்டிபயாடிக் ஆறு வாரம் வரை எடுக்க வேண்டியிருக்கும். டாக்டரிடம் போகும்போது பச்சைப் பால் குடித்ததையும் சொல்லுங்கள். சொன்னால்தான் அதற்கான ரத்தப் பரிசோதனையை எழுத அவருக்குத் தோன்றும்.