கீரையின் நீரும் மொறுமொறு மேலோடும்

கிரேக்கத்தின் வடமேற்கு மலைப்பகுதியான எபிரஸ், மெல்லிய மாவுத்தாள்களுக்கு நடுவே கீரையோ சீஸோ வைத்துச் சுடும் பிட்டாக்களுக்குப் பேர்போனது. ஆட்டு மந்தையோடு மலையேறி இறங்கிய மேய்ப்பர்களிடம் மாவும் சீஸும் இருந்தன. கீரை சரிவுகளில் கிடைத்தது. இந்த வகையில் உலகெங்கும் பரவியது ஸ்பனகோபிட்டா. பாலக்கீரையும் ஃபெட்டா சீஸும் வைத்த அடுக்குப் பலகாரம் இது. கடித்தால் மேலே நொறுங்க வேண்டும், உள்ளே ஈரம் இருக்க வேண்டும். அந்த ஈரம் மேலே ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் கைத்திறன் முழுவதும் இருக்கிறது.

பாலக்கீரையின் எடையில் சுமார் 91 சதவீதம் தண்ணீர். அப்படியே வைத்தால், சூட்டில் இலையின் செல்கள் உடைந்து நீர் வெளியேறி அடித்தாள்களைக் கூழாக்கிவிடும். அதனால் கீரையில் உப்புத் தூவிப் பிசைந்தோ வதக்கியோ, கை நோகப் பிழிகிறார்கள். மொத்த வேலையில் தவறவே கூடாத கட்டம் இதுதான் என்பேன். பிழிந்த பின்னும் எஞ்சும் நீரை உறிஞ்ச, அடியில் கொஞ்சம் ரவையோ அரிசியோ தூவுவதும் உண்டு.

ஃபெட்டா இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. அதில் குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால். குறைந்தது 2 மாதம் பதப்படுத்துகிறார்கள், பெரும்பாலும் உப்புநீரில். புளிப்பேறிய இந்தச் சீஸில் கேசின் புரதத்தைப் பிணைக்கும் கால்சியத்தில் பெரும்பகுதி கரைந்துபோகிறது. புரதங்கள் ஒன்றையொன்று நெருங்கி இறுகிக்கொள்கின்றன. ஆகவே பீட்சா சீஸ்போல உருகி ஓடாமல், குழைந்து கீரையோடு நிற்கிறது.

மாவுத்தாளின் பெயர் ஃபிலோ. மாவு, தண்ணீர், உப்பு, சிறிது எண்ணெய், அவ்வளவுதான். பிசைந்து ஊறவிட்டால் குளூட்டன் தளரும். பிறகு மெல்லிய நீண்ட கோலால் தேய்த்து, மறுபக்கம் தெரியும் அளவுக்குக் கிழியாமல் விரிக்கலாம். தாளுக்குத் தாள் ஆலிவ் எண்ணெய் தடவுகிறார்கள். எண்ணெய் தாள்கள் ஒட்டாமல் காக்கிறது. ஓவனில் நீராவி அவற்றைத் தூக்கிப் பிரிக்கிறது. ஈரம் இருக்கும்வரை தாளின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. தாள் உலர்ந்து சுமார் 140 டிகிரியைக் கடக்கும்போதுதான் பொன்னிறமும் மணமும் ஏறுகின்றன.

சுடுவதற்கு முன்பே மேல்தாள்களைக் கத்தியால் கீறிவிட வேண்டும். உள்ளே எழும் ஆவிக்கு அது வழி. சுட்ட பிறகு வெட்டினால் தாள்கள் சிதறும். எடுத்ததும் மூடிவைக்காதீர்கள், ஆவி திரும்ப மேலோட்டில் இறங்கும். மறுநாள் சாப்பிடுவதானால் மைக்ரோவேவ் வேண்டாம். சூடான ஓவனில் சற்று நேரம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.