தொண்ணூறுகளின் ராக்: யார் ஓவர்ரேட்டட்?

கல்லூரி ஹாஸ்டல் நண்பன் ஒருவனோடு இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. தொண்ணூறுகளின் ராக் பேண்டுகளில் தகுதிக்கு மீறிப் புகழப்பட்டது எது? அவன் நிர்வானா என்பான். நான் ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ் என்பேன். போன மாதம் உட்கார்ந்து கொஞ்சம் நோண்டிப் பார்த்தேன். ரெண்டு பேருமே தப்பு என்றுதான் படுகிறது.

முதலில் சொல்லைச் சரியாக வரையறுத்துக்கொள்வோம். ஒரு பேண்டை 'ஓவர்ரேட்டட்' என்று சொல்ல, முதலில் யாரோ அதற்கு உயர்ந்த மதிப்பெண் போட்டிருக்க வேண்டும். பிறகு அந்த மதிப்பெண் நிற்காமல் இறங்கியிருக்க வேண்டும். நிறைய விற்றது என்பது மதிப்பெண் ஆகாது.

என் கட்சி இங்கேயே அடிபட்டுப்போகிறது. ஹூட்டியின் 'க்ராக்ட் ரியர் வியூ' (1994) அமெரிக்காவில் 2 கோடி பிரதிகளைத் தாண்டிச் சான்றிதழ் வாங்கிய ஆல்பம். ஆனால் அவர்களை மேதைகள் என்று விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடியதில்லை. ஏறாத மதிப்பு எங்கிருந்து இறங்கும்?

இன்னொன்று, அந்தச் சான்றிதழ் எண்களையும் அப்படியே நம்பக்கூடாது. 100 நிமிஷத்துக்கு மேல் ஓடும் இரட்டை ஆல்பம் என்றால் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக எண்ணுவார்கள். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் 'மெலன் காலி' (1995) ஒரு கோடிக்கான டயமண்ட் சான்றிதழ் வாங்கியது இந்தக் கணக்கில்தான். செட்டாக எண்ணினால் ஒரு கோடிக்கு 50 லட்சமே போதும்.

அடுத்து நிர்வானா. விளம்பரத்தால் ஊதிப் பெருக்கப்பட்டவர்கள் என்பது நண்பனின் வாதம். ஆனால் 1991 செப்டம்பரில் 'நெவர்மைண்ட்' வெளியானபோது கம்பெனி அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பியதே சுமார் 46,000 பிரதிகள்தான். பில்போர்டு பட்டியலில் 144வது இடத்தில் நுழைந்து, 1992 ஜனவரியில் முதலிடத்துக்கு வந்தது. அதுவும் கடைக்காரர்கள் சொல்வதை நம்பிப் பட்டியல் போட்ட காலம் இல்லை. 1991 மே மாதமே பில்போர்டு, பார்கோடு வழியாக எண்ணும் சவுண்ட்ஸ்கேனுக்கு மாறிவிட்டது. 1994-ல் கர்ட் கோபேன் இறந்த துக்கம் அந்தப் புகழில் கலந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பது வருஷம் ஆகியும் மதிப்பு இறங்கவில்லையே!

அப்படியானால் யார்? என் கணக்கில் 1997-ன் ஒயாசிஸ். பேண்ட் அல்ல, 'பி ஹியர் நவ்' என்ற ஒரே ஒரு ஆல்பம். பிரிட்டனில் முதல் நாளே 4 லட்சத்துக்கு மேல் விற்றது. விமர்சகர்கள் ஆளாளுக்கு வாரி வழங்கினார்கள். 1995-ல் 'மார்னிங் க்ளோரி'க்குச் சுமாரான விமர்சனம் எழுதிவிட்டு, மக்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியதைப் பார்த்து அசடு வழிந்தவர்கள் அவர்கள். அந்தத் தப்பைத் திருத்தப் போய் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஃபீட்பேக் தாமதமாக வரும் சிஸ்டம் இப்படி எல்லையைத் தாண்டி ஓடக்கூடும். நாங்கள் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் 'ஓவர்ஷூட்' என்று படித்தது இதுதான்.

பிறகு சரிவு. பாடல்களை எழுதிய நோயல் கல்லகரே அந்த ஆல்பத்தைப் பழித்தார். 2006-ல் வந்த 'ஸ்டாப் த க்ளாக்ஸ்' தொகுப்பில் அதிலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை.

இதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 1997-ல் மெஸ் காசை மிச்சம் பிடித்து அந்த கேசட்டை வாங்கியவன் நான். ரொம்பப் பிடித்திருந்தது. எல்லோரும் திட்ட ஆரம்பித்ததும் நானும் சேர்ந்து திட்டினேன். கேசட்டை ஒருத்தனுக்குச் சும்மா கொடுத்தும்விட்டேன்.

போன வாரம் 71 நிமிஷமும் திரும்பக் கேட்டேன். பல பாட்டுகள் இரண்டு மூன்று நிமிஷம் அதிகம். கிதார் மேல் கிதார் அடுக்கி மூச்சு முட்டுகிறது. ஆனால் 'ஸ்டாண்ட் பை மீ' இன்னமும் பிடிக்கிறது. ஆல்பம் ஓவர்ரேட்டட்தான், சந்தேகமில்லை. ஆனால் ஏறினபோதும் சரி, இறங்கினபோதும் சரி, நான் போட்ட மதிப்பெண் என்னுடையது இல்லை. நண்பனுக்கு இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.