கல் பதிந்தது, ஆள் பதியவில்லை

லின்னேயஸ் டிரைப் திருச்சிக்கு வந்தபோது ஊருக்கு ரயில் வந்திருக்கவில்லை. சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த அந்தக் கேப்டன், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி, கேமராவையும் ரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு சேலம் வழியாக வந்தார். அடுத்த ஆண்டே திருச்சிக்கு ஒன்று, ஸ்ரீரங்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனிப் படத்தொகுப்புகள் வெளியாயின. மலைக்கோட்டையின் மிகப் பழைய நல்ல படங்களில் இவை சேரும்.

பார்த்தவுடன் உறைப்பது அந்த வெறிச்சோடல்தான். ஸ்ரீரங்கம் எந்தக் காலத்தில் ஆளில்லாமல் இருந்தது? காரணம் மாயமல்ல. நம் வெயிலுக்குத் தாங்கும் என்று டிரைப் மெழுகு பூசிய காகித நெகட்டிவைப் பயன்படுத்தினார். அதில் உருவம் விழ நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடந்துபோனவர் யாரும் பதியமாட்டார். கல் அசையாமல் நின்றது, பதிந்தது. கோயிலுக்குப் பூ கொண்டுபோனவர்களும், ஆற்றிலிருந்து குடத்தோடு திரும்பியவர்களும் கேமராவின் முன்னாலேயே போயிருப்பார்கள், படத்தில் இல்லை. வெறுமையாய் விழுந்த வானத்தில் மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்க்க அவருக்குப் பொறுமை இருந்தது. தெருவில் விட்டுப்போன மனிதர்களை அப்படிச் சேர்க்க வழியில்லை.

1860-இல் அரசு அந்தப் பதவியையே ஆடம்பரம் என்று சொல்லி ஒழித்தது. பிறகு எட்மண்ட் லயன் வந்தார், 1869-இல் சாமுவேல் போர்ன் வந்தார். தெப்பக்குளத்துக்கு மேல் மலைக்கோட்டை, சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்கள், கோபுர வரிசை என்று அதே காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தன. இவற்றுக்குத் தேதி கண்டுபிடிக்க ஊர்க்காரர்களுக்கு எளிய வழி உண்டு. மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்கோபுரம் தெரிகிறதா? தெரிந்தால் படம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு முந்தியதாக இருக்காது. ஸ்ரீரங்கத்துத் தெற்கு வாசலில் மொட்டைக் கோபுரம் நின்றால் 1987-க்கு முந்தைய படம். 236 அடி ராஜகோபுரமாக அது எழுந்து குடமுழுக்குக் கண்டது அந்த ஆண்டு மார்ச்சில்தான்.

கட்டடங்களை வைத்து இப்படித் தேதி சொல்ல முடிகிறது. ஆட்களை வைத்து முடியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியில் 1908-இல் லூயிஸ் ஹைன் நிலக்கரிச் சுரங்கச் சிறுவர்களைப் படமெடுத்தார். முடிந்தவரை பெயரையும் வயதையும் வேலையையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதனால் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தச் சிறுவர்களின் வழிவந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. இங்கே என்ன நடந்தது? திருச்சிச் சுருட்டின் சாம்பலை ஷெர்லாக் ஹோம்ஸ் அடையாளம் கண்டுகொள்வதாக 1887-லேயே கோனன் டாயில் எழுதிவிட்டார். சாம்பல் உலகப் புகழ் பெற்றது. உறையூரில் சுருட்டு சுருட்டியவர்களின் முகம் யாருக்குத் தெரியும்? தெருவில் பாவு போட்ட நெசவாளிகள்? அவர்களோடு சரிக்குச் சரி உழைத்த பெண்கள்?

அவர்கள் லண்டன் அருங்காட்சியகத்தில் கிடைக்கமாட்டார்கள். நம் வீட்டுச் சுவரிலும் டிரங்குப் பெட்டியிலும்தான் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு ரயில்வே பணிமனை மாறி, 1928-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அந்தத் தலைமுறையின் முகங்கள் இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ரிட்டையர்மென்ட் குரூப் போட்டோக்களில்: நடுவில் மாலையோடு ஒருவர், இருபக்கமும் மேலதிகாரிகள், பின்னால் வரிசை வரிசையாகக் கூடவே வேலை பார்த்தவர்கள். பாலக்கரையிலும் மேலப்புதூரிலும் புதுநன்மைப் படங்கள், பங்குச் சாமியாரோடு எடுத்த சபைப் படங்கள், கல்யாணப் படங்கள். எடுத்தவை எல்லாம் தெருமுனை ஸ்டுடியோக்கள். இவற்றை நான் டிரைப்பின் படங்களுக்கு ஒரு படிகூடக் கீழே வைக்கமாட்டேன். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மமாக்கும் வேலையை, பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு செய்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களால் வர முடியாது.

கரையானும் ஈரமும் அவசரத்தில் இருக்கின்றன. அதைவிட அவசரம், படத்தில் இருப்பவரை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களின் வயது. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் வேண்டாம். பால்பாயின்ட் பேனாவும் வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். மெல்லிய பென்சிலால் பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல், இடமிருந்து வலமாக எழுதுங்கள்: பெயர், தெரு, செய்த தொழில், எடுத்த ஆண்டு. பொன்மலைப் படமென்றால் எந்த ஷாப் என்பதையும் சேருங்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் பெயர் எப்படியாவது எங்காவது பதிவாகியிருக்கும். அத்தையிடமோ தாத்தாவிடமோ கேட்கும்போது பின்வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள்.