சொன்னபடி கேட்காத நோயாளி: பிடிவாதமா, பழைய காயமா?

சர்க்கரை 300-ஐத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் உம்மா அசைய மாட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் சீட்டு மூன்று மாதமாக அலமாரியில் கிடக்கும். பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்த உடனேயே மாமிக்கு மூச்சு முட்டும். இவர்களுக்கு வீட்டில் நாம் வைத்திருக்கும் பெயர் பிடிவாதம். மருத்துவமனையிலும் பெயர் பெரிதாக மாறுவதில்லை. "பேஷன்ட் கோஆபரேட் பண்ணலை" என்பார்கள்.

சிலருக்கு அது வெறும் பயமாகவோ செலவுக் கவலையாகவோ இருக்கலாம். ஆனால் வேறு சிலருக்கு, எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் நடந்து, யாரிடமும் சொல்லப்படாமல் போன ஒன்று காரணமாக இருக்கும். அப்படியும் இருக்கலாம் என்பதை மனதில் வைத்து நோயாளியை நடத்தும் முறையை 'ட்ராமா இன்ஃபார்ம்டு கேர்' என்கிறார்கள். மனக்காயம் அறிந்த பராமரிப்பு என்று தமிழில் சொல்லலாம்.

இந்தச் சிந்தனைக்கு வலுச் சேர்த்த ஒரு சம்பவம் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1980களில் நடந்தது. கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனத்தின் நோய்த்தடுப்புப் பிரிவை டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி நடத்திவந்தார். அங்கே உடல் பருமனைக் குறைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. எடையும் நன்றாகவே குறைந்தது. ஆனால் பலர் பாதியில் நின்றுபோனார்கள். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களும் அவர்களில் பலர் என்பதுதான் டாக்டருக்குப் புரியவில்லை.

நின்றுபோனவர்களை அழைத்து அவரே பேசினார். ஒரு பெண்ணிடம் கேள்வி ஒன்றை வாய்தவறி மாற்றிக் கேட்டுவிட்டார். அதற்கு வந்த பதிலில், சிறுமியாக இருந்தபோது சொந்த வீட்டிலேயே தனக்கு நேர்ந்த கொடுமையை அந்தப் பெண் சொல்லிவிட்டார். அதன்பின் மற்றவர்களிடமும் கேட்டபோது ஒருவர் பின் ஒருவராக அதே போன்ற கதைகள் வந்தன. உடல் பருத்திருந்தால் ஆண்களின் பார்வை தன்மேல் விழாது என்று சிலர் உணர்ந்திருந்தார்கள். டாக்டரின் கண்ணுக்கு நோயாகத் தெரிந்த எடை, அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. எடை குறைந்ததும் பழைய பயம் திரும்பிவந்தது.

பிறகு ஃபெலிட்டியும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். முதல் கட்டுரை 1998-இல் வெளிவந்தது. சிறுவயதில் அடி, அவமானம், பாலியல் கொடுமை, வீட்டில் குடிப்பழக்கம், தாய் அடிவாங்குவதைப் பார்த்தல் போன்ற அனுபவங்கள் கூடக்கூட, வளர்ந்தபின் மனச்சோர்வு மட்டுமல்ல, இதய நோய், நுரையீரல் நோய் ஆகியவற்றின் வாய்ப்பும் கூடுவதை அதில் கண்டார்கள். கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இவற்றில் ஒன்றையாவது அனுபவித்திருந்தனர். பெரும்பாலும் காப்பீடு உள்ள, நல்ல நிலையில் இருந்த குடும்பத்தினர் அவர்கள்.

மருத்துவமனைக்குள் நுழையும்போது ஏன் இது கிளம்புகிறது? ஆபத்து வந்தால் மூளையில் அமிக்டலா என்ற பகுதி எச்சரிக்கை மணி அடிக்கும். அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும். எதிர்த்து நில், அல்லது ஓடு. இரண்டும் முடியாவிட்டால் உறைந்துபோ என்று உடல் தானே முடிவெடுக்கும். கடுமையான மனக்காயம் பட்ட சிலருக்கு, பழையதை நினைவூட்டும் ஒரு வாசனை, ஒரு குரல், ஒரு தொடுதல் போதும், அந்த மணி மறுபடி அடிக்கும். மருத்துவமனையில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. முன்பின் தெரியாதவர் படுக்கச் சொல்கிறார், உடையைத் தளர்த்தச் சொல்கிறார், கதவைச் சாத்துகிறார், "அசையாதீங்க" என்கிறார்.

எல்லோரும் கத்தி ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. சிலர் கூரையை வெறித்தபடி, கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு கிடப்பார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் மிகப் பெரிய தவறு. உறைந்துபோன உடலும் அசையாமல்தான் இருக்கும்.

பயிற்சி பெற்ற ஒரு சிஸ்டர் இங்கே செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தன் பெயரையும் வேலையையும் சொல்கிறார். பின்னாலிருந்து தொடுவதில்லை. நோயாளிக்கும் கதவுக்கும் நடுவில் நின்று வழியை அடைப்பதில்லை. "இப்போ கையில பிரஷர் பட்டையைக் கட்டப் போறேன், கொஞ்சம் இறுக்கும், எந்தக் கை வசதி?" என்று முதலில் கேட்டுவிட்டுத் தொடுகிறார். இ.சி.ஜி. எடுக்க ஏன் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று விளக்கி, திரையை இழுத்துவிட்டு, தேவையான இடத்தை மட்டும் திறந்து உடனே மூடுகிறார். மக்கனாவை எடுக்கச் சொல்வதற்கு முன், அது உண்மையிலேயே தேவையா என்று யோசிக்கிறார். "முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்" என்று சொல்கிறார். கை உயர்ந்தால் உண்மையாகவே நிறுத்துகிறார். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். கொடுமை நடந்தபோது அவரது "வேண்டாம்" செல்லுபடியாகவில்லை. இங்கே செல்லுபடியாகிறது.

ஒரு சிஸ்டரின் தலையில் எத்தனை நோயாளிகள் என்பது தெரியாமல் இதை எழுதவில்லை. ஆனால் இவற்றில் பலவற்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்சா 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பணியாளர்களின் மனக்காயத்தையும் கவனிக்கச் சொல்கிறது. தினமும் மரணத்தையும் வேதனையையும் பார்க்கும் சிஸ்டருக்கும் ஆறுதல் தேவைதானே.

உணவு, உடற்பயிற்சி, தூக்கம் என்று பழக்கங்களை மாற்ற உதவும் ஹெல்த் கோச்சுகளுக்கும் இது பொருந்தும். டயட் சார்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் எடை பார்த்துத் திட்டுவது சான் டியாகோவில் பலனளிக்காத அதே பாதைதான். விவரமறிந்த கோச், இரவு இரண்டு மணிக்கு ஏன் பிஸ்கட் சாப்பிடுகிறீர்கள் என்று குற்றம் சாட்டுவதில்லை. அந்த நேரத்தில் தூக்கம் கலைவது ஏன் என்று யோசிக்கிறார். எடை பார்க்கும்போது எண்ணைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று கேட்கிறார். "இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்ட பிறகே ஆலோசனை சொல்கிறார்.

பழைய கதையைத் தோண்டி எடுப்பது அவருடைய வேலையும் அல்ல. கதை தெரியாமலேயே ஒருவரைக் கண்ணியமாக நடத்த முடியும். ஆர்வக் கோளாறில் கேள்வி கேட்டுக் கிளறிவிட்டு, சமாளிக்கத் தெரியாமல் அனுப்பிவைப்பது இரண்டாவது காயம். சிறுவயது அனுபவங்களை எண்ணிப் போடும் மதிப்பெண்ணை வைத்துத் தனிநபரின் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது என்று ராபர்ட் ஆண்டாவே 2020-இல் எச்சரித்திருக்கிறார். நோயாளி தானாகச் சொன்னால் பொறுமையாகக் கேட்டு, மனநல நிபுணரிடம் வழிகாட்ட வேண்டும். சொல்பவர் 18 வயதுக்குட்பட்டவர் என்றால், பாலியல் குற்றத்தைப் பற்றித் தெரியவந்தவர் தகவல் கொடுத்தாக வேண்டும் என்கிறது நம் நாட்டின் 2012 போக்சோ சட்டம். அதனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

இனி நம் வீட்டு விஷயம். டாக்டரின் அறைக்குள் நோயாளியோடு நான்கு பேர் நுழைவது நமக்குப் பழக்கம். டாக்டர் உம்மாவைக் கேட்டால் மகன் பதில் சொல்கிறார். மருமகளைக் கேட்டால் மாமி சொல்கிறார். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் காயத்துக்குக் காரணமானவரே அந்த நால்வரில் ஒருவராக இருந்தால்? "கொஞ்ச நேரம் வெளியே இருங்க" என்று சிஸ்டர் சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஐந்து நிமிடம்தான் சிலருக்கு வாய் திறக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. அதேபோல, நடந்ததைச் சொல்லத் தொடங்கும் மகளிடம் முதல் வார்த்தையாகவே "சபூர் செய்" என்று சொல்லிவிட்டால், அவள் அதை 'பேசாதே' என்றுதான் புரிந்துகொள்வாள். முதலில் அவள் சொல்லி முடிக்கட்டும்.

தயங்கும் ஒருவரை அழைத்துப் போகும் முன், என்ன பரிசோதனை, எவ்வளவு நேரம், யார் செய்வார்கள் என்று போன் செய்து விசாரித்து அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே அது இருக்கிறது. மனநல நிபுணரை நேரில் பார்க்கத் தயங்குபவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.