அவர் வீட்டுப் பள்ளம்... எங்க வீட்டு விரிசல்!

பக்கத்து வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்றதும் எல்லோரும் தூசிக்குத்தான் பயப்படுகிறார்கள். 'ஜன்னலைச் சாத்து, துணியை மாடியில காயப் போடாதே, டி.வி. மேல ஒரு துண்டைப் போட்டு மூடு!' தூசி என்ன செய்யும், நாலு தும்மல் போடவைக்கும். பெருக்கினால் போச்சு. நிஜமான வில்லங்கம் இடிக்கும்போது வருவதில்லை சார், தோண்டும்போது வருகிறது.

சென்னை நங்கநல்லூரில் எங்கள் வீடு 1981-ல் அப்பா கட்டியது. காங்கிரீட் தூண் எதுவும் கிடையாது. செங்கல் சுவரே பாரம் தாங்குகிற பழைய பாணி. அஸ்திவாரம் மூன்றரை அடி ஆழம். அந்தக் காலத்துக்கு அது ராஜ அஸ்திவாரம். பக்கத்து வீட்டுக்காரரும் அப்போதுதான் கட்டினார். எங்கள் பம்ப் ரிப்பேரானால் அவர் வீட்டுக் குழாய், அவர் வீட்டில் கேஸ் தீர்ந்தால் எங்கள் சிலிண்டர். அவர் என்னைத் 'தம்பி' என்பார், நான் 'அண்ணே' என்பேன். நாற்பது வருஷப் பழக்கம்.

2023-ல் அண்ணன் வீட்டை இடித்துவிட்டு, கீழே கார், மேலே மூன்று மாடி என்று ஆரம்பித்தார். எல்லாம் ஒரு காண்ட்ராக்டர் பொறுப்பு. எங்கள் காம்பவுண்டை ஒட்டினாற்போல் சம்ப்புக்கு இடம் குறித்தார்கள். ஜே.சி.பி. வந்தது. ஒரே மத்தியானத்தில் எட்டடிப் பள்ளம்!

மூன்றரை அடியில் நிற்கிற சுவருக்குப் பக்கத்தில் எட்டடிப் பள்ளம் வெட்டினால் என்ன ஆகும் என்பதை மெரினாவில் மணல்வீடு கட்டுகிற குழந்தை சொல்லிவிடும். மண் என்பது பக்கத்து மண் அணைத்துப் பிடிக்கிறவரைக்கும்தான் நிற்கும். அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் மொத்தமாக வெட்டாமல் நாலு நாலடியாக விட்டு விட்டுத் தோண்டி, பலகை வைத்து, சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து, அந்தத் துண்டுக்குச் சுவரை எழுப்பிவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். நேரமாகும், காசும் ஆகும். நம்ம காண்ட்ராக்டர் வைத்த முட்டு, பள்ளத்துக்குப் பக்கத்தில் நட்டிருந்த ஒரு சிவப்புத் துணி.

செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி மழை. காலையில் பார்த்தால் எங்கள் காம்பவுண்டு இருபத்திரண்டு அடி நீளத்துக்குப் பள்ளத்துக்குள் படுத்திருந்தது. கூடவே சைடு சிமென்ட் தரையும் கழிவுநீர்க் குழாயும். அதுகூடப் பரவாயில்லை. அம்மா படுக்கிற அறையில், ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரைவரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். ஐந்து ரூபாய் நாணயம் உள்ளே போய் நின்றது. அம்மாவுக்கு அப்போது 81 வயது. கட்டிலை நகர்த்தலாம் என்றால், "இந்த ரூமை உங்கப்பா எனக்குன்னு கட்டினாருடா"ன்னு ஒரே பிடிவாதம். மூன்று நாள் மல்லுக்கட்டி ஹாலுக்கு மாற்றினோம்.

இனி ஆரம்பித்தது கால்பந்து. பந்து நான்தான்.

அண்ணனிடம் போனேன். "எனக்கென்ன தம்பி தெரியும்? மொத்தமா காண்ட்ராக்ட் விட்டாச்சு. அவர்கிட்டயே பேசிக்குங்க." காண்ட்ராக்டரிடம் போனேன். "ஓனர் குடுத்த பிளான்படிதான் சார் தோண்டினேன். தவிர, இது பழைய கிராக். பழைய வீடுன்னா இதெல்லாம் இருக்கும். மேலாப்ல சிமென்ட் பூசி ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சுட்டா மணப்பொண்ணு மாதிரி ஆயிடும்."

"இதுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். கட்டட வேலைக்கென்றே காண்ட்ராக்டர்கள் எடுக்கிற பாலிசி உண்டு. பக்கத்துச் சொத்துக்கு வரும் சேதத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். அவர் யோசித்துவிட்டு, "எல்.ஐ.சி. இருக்கு சார்" என்றார். நல்ல மனுஷன்!

'பழைய கிராக்' என்ற வாதத்தை உடைத்தது அம்மா. ஜூன் மாதம் என் தங்கை பெண்ணுக்கு அந்த அறையில்தான் வளைகாப்பு. ஆல்பத்தை எடுத்துவரச் சொன்னார். ஜன்னல் ஓரம் பெண் உட்கார்ந்திருக்கிறாள், கை நிறையக் கண்ணாடி வளையல், பின்னால் சுவர் வழவழவென்று பளிங்கு மாதிரி. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் தேதி. காண்ட்ராக்டர் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு என்ன குழந்தை பாட்டிம்மா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ஆகவே வாசகர்களே, பக்கத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே ஒவ்வொரு சுவரையும், மாடித் தளத்தின் அடிப்பக்கத்தையும், சம்ப்பையும் போட்டோ எடுத்து, அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற விரிசலையும் மறைக்காமல் எடுங்கள். அப்போதுதான் மற்றதை நம்புவார்கள். எல்லார் வீட்டிலும் அந்த வருஷம் வளைகாப்பு வராது!

ஆபீஸ் நண்பர் ஒருவர், "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ" என்றார். போக முடியாது. காசு கொடுத்து அந்தக் காண்ட்ராக்டரின் சேவையை வாங்கியது அண்ணன்; நான் வாங்கவில்லை. போலீஸுக்குப் போகச் சொன்னார் இன்னொருவர். கட்டடத்தை இடிப்பதிலோ கட்டுவதிலோ மனுஷ உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாத அலட்சியம் குற்றம்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 288-வது பிரிவு, 2024-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 290. ஆனால் அண்ணனை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டு அடுத்த பொங்கலுக்கு அவர் வீட்டுக்குக் கரும்பு கொடுத்தனுப்ப முடியுமா? காண்ட்ராக்டரை உள்ளே வைத்தால் பள்ளத்தை யார் மூடுவது?

கடைசியில் என் பள்ளிக்கூடத்து நண்பன், வக்கீல், வந்தான். காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "டேய், பொதுவா ஒரு காண்ட்ராக்டர் செய்யற தப்புக்கு அவரை அமர்த்தினவர் பொறுப்பில்லைன்னுதான் சட்டம். ஆனா இந்த மாதிரி வேலைக்கு அது செல்லாது" என்று ஆரம்பித்தான்.

அவன் சொன்ன கதை இங்கிலாந்தில் நடந்தது. 1876-ல் தீர்ப்பான வழக்கு, 'பவர் எதிர் பீட்' என்று பெயர். ஒட்டினாற்போல் இரண்டு வீடு. ஒருத்தர் தன் வீட்டை இடித்து அஸ்திவாரம் தோண்டக் காண்ட்ராக்ட் விட்டார். பக்கத்து வீட்டுக்கு முட்டுக் கொடுப்பதும், சேதமானால் சரிபண்ணிக் கொடுப்பதும் என் பொறுப்பு என்று காண்ட்ராக்டரே எழுதிக் கொடுத்திருந்தார். முட்டு போதவில்லை, பக்கத்து வீடு சேதமாச்சு. வீட்டுக்காரர் கோர்ட்டில், 'அதான் காண்ட்ராக்டர் பொறுப்பேத்துக்கிட்டாரே' என்றார். கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. செய்கிற வேலையிலேயே பக்கத்து வீட்டுக்கு ஆபத்து இருக்கிறது, அதைத் தடுக்கிற கடமையை வேறொருத்தர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று தீர்ப்பு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் தெரு விவகாரம் அங்கே நடந்து முடிந்திருக்கிறது!

"நம்ம ஊர்லயும் 1882-லிருந்து ஈஸ்மென்ட் சட்டம் இருக்கு. பக்கத்து மண் உன் மண்ணுக்குக் குடுக்கற தாங்கல் உன் உரிமை. மண்மேல நிக்கற வீட்டுக்கு அந்த உரிமை வரணும்னா, இருபது வருஷமா யாரும் தகராறு பண்ணாம, தடங்கல் இல்லாம அனுபவிச்சிருக்கணும். உன் வீட்டுக்கு வயசு நாப்பத்திரண்டு. கவலைப்படாதே. காண்ட்ராக்டரையும் சேர்த்து நீ கேஸ் போடலாம். ஆனா அண்ணன் 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லிட்டு நழுவ முடியாது."

"அப்ப நோட்டீஸ் விடலாமா?"

"முதல்ல நோட்டீஸ் இல்லடா, இன்ஜினீயர்!" என்றான்.

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினீயர் ஒருவர் இருக்கிறார். மனிதர் சட்டைப் பையில் ஸ்கேலும் பென்சிலுமாக வந்தார். பழைய போட்டோ ஃபிரேமிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டு கேட்டார். விரிசலுக்குக் குறுக்கே அதை வைத்து இரண்டு முனையையும் எம்-சீல் போட்டு ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். அவ்வளவுதான் வைத்தியம். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நகர்வது நின்றிருந்தால் உடையாது. "இது உடையறது நிக்கறவரைக்கும் விரிசல் மேல கையை வைக்கக் கூடாது. நகர்ற சுவர்ல பூசற சிமென்ட், ஓடற ரயில்ல போடற கோலம் மாதிரி" என்றார்.

காலையில் காப்பிக்கு முன்னால் எல்லோரும் போய்க் கண்ணாடியைப் பார்ப்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. ஐந்தாம் நாள் கண்ணாடி நடுவில் கீறிக்கொண்டு நின்றது.

அதைப் பார்க்க அண்ணனைக் கூப்பிட்டேன். திட்டவில்லை, சட்டம் பேசவில்லை. "அண்ணே, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்றேன். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், காலியான கட்டிலைப் பார்த்தார், ஹாலில் பாய்மேல் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வெளியே போய்க் காண்ட்ராக்டருக்குப் போன் போட்டார். அந்தப் போனில் அவர் உபயோகித்த வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

மறுநாளே வேலை நின்றது. பள்ளத்தில் மணல் மூட்டை அடுக்கி, எங்கள் அஸ்திவாரத்தின் பக்கம் மண்ணை நிரப்பி இறுக்கி, சவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அப்படி நிற்காவிட்டால் சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்க மனு தயாராக வைத்திருந்தான் நண்பன். அதற்கு அவசியம் வரவில்லை. நவம்பர் முதல் வாரம் புதுக் கண்ணாடி ஒட்டினார் இன்ஜினீயர்.

டிசம்பர் மூன்றாம் தேதி ஆரம்பித்தது மிக்ஜாம். ஞாபகமிருக்கிறதா, 2023-ல் சென்னையையே குளிப்பாட்டிவிட்டுப் போன புயல்? கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். ராத்திரி முழுக்க டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு நான் இந்தப் பக்கம் கண்ணாடியைப் பார்க்கிறேன், குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் அந்தப் பக்கம் முட்டைப் பார்க்கிறார். "தம்பி, இருக்கா?" "இருக்குண்ணே!" விடியவிடிய இதே பேச்சு. கண்ணாடி உடையவில்லை.

பணம் பேச உட்கார்ந்தது அதற்கப்புறம்தான். இன்ஜினீயர் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் பேரம்தான் நடந்திருக்கும்; தனித்தனியாக எழுதியிருந்ததால் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போனோம். காம்பவுண்டை அவர்களே கட்டிக் கொடுப்பது. மற்றபடி விரிசல், கழிவுநீர்க் குழாய், சைடு தரை, அறைக்குப் பெயிண்ட், இன்ஜினீயர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து 84,000 ரூபாய்.

ஒரே ஒரு இடத்தில் உரசல். "நாப்பது வருஷத்துச் சுவருக்குப் புதுச் சுவரா தம்பி?" என்றார் அண்ணன். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய செங்கல்லில் பழைய சுவரைக் கட்டித் தருகிற கொத்தனாரை எங்கே தேடுவது? அதே ஐந்தடி உயரத்துக்கு அவர் செலவு, எனக்கு வேண்டியிருந்த கூடுதல் ஓரடிக்கு என் செலவு என்று முடிவானது. சுவர் எழும்பும்போது நூல் பிடிக்கிற இடத்தில் நானே நின்றேன். பழைய சுவரின் அடிக்கல் இரண்டு முனையிலும் மிச்சமிருந்தது. மேஸ்திரியின் நூல் எப்படியோ நாலு அங்குலம் எங்கள் பக்கம் வந்திருந்தது. "காத்துல நகர்ந்திருக்கும் சார்" என்றார்.

விரிசலை மட்டும் அந்தக் காண்ட்ராக்டர் ஆட்கள் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கொத்தனார் என்னுடையவர், காசு அவர்களுடையது. 2024 பிப்ரவரியில், பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் சந்துகளில் கம்பி வைத்துத் தைத்து, சிக்கன் மெஷ் அடித்து மறுபடி பூசினார்.

இதெல்லாம் முத்திரைத் தாளில் ஒரே பக்கம். அதில் நண்பன் ஒரு வரி சேர்த்தான்: 60,000 உடனே, பாக்கி 24,000 அடுத்த வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, அதுவரை புதிதாக எது வெளிப்பட்டாலும் அதையும் சரிபண்ணித் தர வேண்டும். 'இத்தோடு எல்லாம் தீர்ந்தது' என்ற வார்த்தையை முதல் நாளே எழுதி வாங்கத்தான் காண்ட்ராக்டர் துடித்தார். சுவர் ஒரு மழையைப் பார்க்காமல் அந்த வார்த்தையில் கையெழுத்துப் போடவே கூடாது என்பது இன்ஜினீயர், வக்கீல், அம்மா மூவரும் ஏகமனதாகச் சொன்னது.

அண்ணன் மட்டும் ஏன் நஷ்டப்பட வேண்டும்? காண்ட்ராக்டரின் கடைசி பில்லில் அந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டார். வீடு கட்டுகிறவர்கள் முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாமல் இருப்பது இதற்குத்தான்.

பேசித் தீரவில்லையென்றாலும் ஒரு வழி இருந்தது. வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே லோக் அதாலத்தில் சமரசத்துக்குப் போகலாம். கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முடிந்தால் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கிறவர்களாக இருந்தால் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். நஷ்டஈடு வழக்குக்குப் பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு.

பாக்கி 24,000 ரூபாயை 2025 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின நாள், அண்ணனே கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார், கையில் செல்போன்.

"போர் போடப் போறேன் தம்பி. மெஷின் வர்றதுக்கு முன்னாடி உங்க சுவரையெல்லாம் போட்டோ எடுத்து வெச்சுக்கறேன். அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க!"

"இருப்பா" என்று எழுந்த அம்மா, பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு வர உள்ளே போனார்.