சீருடையைக் களைந்த பிறகு

லண்டன் மாநகரத்தில் 1829-ஆம் ஆண்டில் புதிய போலீஸ் படையொன்று முதன்முறையாகத் தெருவில் இறங்கிற்று. அந்நாளில் உள்துறை அமைச்சராக இருந்த ராபர்ட் பீல் சட்டமியற்றி அமைத்த படை அது. அதில் சேர்ந்தோருக்கு நீலநிற மேலங்கியும், உயர்ந்த தொப்பியும், அங்கிக்குள் மறைத்து வைத்துக்கொள்ளக் குறுந்தடியும் கொடுத்தார்கள். கூடவே ஒரு விநோதமான விதியையும் விதித்தார்கள். வேலை நேரம் முடிந்த பின்னர்த் தம் சொந்த அலுவலாகக் கடைத்தெருவுக்குப் போனாலும் அவர்கள் சீருடையிலேயே செல்லவேண்டும். அப்படியாயின், எதிரே வருகிறவர் பணியில் இருக்கிறாரா, ஓய்வில் இருக்கிறாரா என்பதை மக்கள் எங்ஙனம் அறிவது? அதற்கும் ஒரு வழி செய்தார்கள். பணியில் உள்ளபோது மட்டும் சட்டைக்கையின் முனையில் கோடிட்ட துணிப்பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். பணி முடிந்ததும் அதைக் கழற்றிவிடலாம். எந்நேரமும் சீருடை என்ற விதி பின்னர் மறைந்தது. ஆயினும் அந்தப் பட்டை நூறாண்டுகளுக்கு மேல் லண்டன் போலீசாரின் கையில் இருந்துவந்தது.

இப்படியொரு விதி ஏன் ஏற்பட்டது? ஆங்கில மக்களுக்கு அந்நாளில் போலீஸ் என்றாலே அச்சம். பிரான்சு தேசத்தில் சாதாரண உடையில் மக்களோடு கலந்து திரிந்து, ஒட்டுக்கேட்டு, அரசாங்கத்துக்குச் செய்தி கொண்டு செல்லும் ஒற்றர்களைப் பற்றி அவர்கள் நிரம்பக் கேள்விப்பட்டிருந்தனர். நம் நாட்டுப் போலீஸ்காரர் ஒளிந்து திரிபவர் அல்லர், எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படியே இருப்பார் என்று அவர்களுக்குக் காட்டவேண்டியிருந்தது.

மாணவ நண்பர்களே, அந்தத் துணிப்பட்டை நமக்கு ஒரு வினாவை எழுப்பித் தருகிறது. பட்டையைக் கழற்றும்போது அதிகாரமும் கழன்றுவிடுகிறதா? கழலாதெனின், அதிகாரத்தோடு ஒட்டியுள்ள கட்டுப்பாடு மட்டும் எப்படிக் கழன்றுபோகும்? பணியில் இல்லாத வேளையிலும் போலீஸ்காரர் மற்றவரைவிட உயர்ந்த ஒழுக்கம் உடையவராக இருக்கவேண்டுமா என்று அடிக்கடி விவாதிக்கின்றோமே, அவ்விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் சென்னை மாகாணத்துக்கு 1859-ஆம் ஆண்டிலேயே தனியான போலீஸ் சட்டம் பிறந்துவிட்டது. இந்தியாவின் மற்றப் பெரும்பகுதிக்கு 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் வந்தது. அந்த 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, போலீஸ் உத்தியோகஸ்தர் ஒவ்வொருவரும் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்பட வேண்டும் என்கிறது. இவ்விதியை மேடைகளில் எடுத்துச் சொல்லி, "பார்த்தீர்களா, போலீஸ்காரருக்கு ஓய்வு நேரமே கிடையாது, ஆகவே அவருடைய வாழ்வு முழுவதும் மேலதிகாரியின் பார்வைக்கு உட்பட்டது" என்று முடிவு கட்டுவோர் உண்டு. இலக்கண வகுப்பில் ஒரு தொடரைப் பிரித்துப் பொருள் காண்போமே, அதுபோல இதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். அப்பிரிவில் "இச்சட்டத்தின் நோக்கங்களுக்காக" என்ற ஒரு வரையறை இருக்கிறது. அதன் பிற்பகுதியோ, அவரை எந்த வேளையிலும் தம் போலீஸ் எல்லைக்குள் எந்த இடத்திலும் வேலைக்கு அமர்த்தலாம் என்கிறது. கலகமோ வெள்ளமோ வந்தால், "இன்று எனக்கு முறை இல்லை" என்று சொல்லாமல் வரவேண்டும் என்பதே அதன் கருத்து. அவர் வீட்டில் என்ன உண்கிறார், யாரோடு நட்புக் கொள்கிறார் என்பதையெல்லாம் அளக்கும் கோலாக அதை எழுதினவர்கள் எண்ணியிருக்க இடமில்லை.

ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவன நடத்தை விதிகளே. இந்தியப் போலீஸ் பணி அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் அனைத்திந்தியப் பணிகள் நடத்தை விதிகள் 1968-ஆம் ஆண்டில் ஏற்பட்டவை. எக்காலத்தும் முழு நேர்மையோடு இருக்கவேண்டும், தம் பதவிக்குத் தகாத எதையும் செய்யலாகாது என்று அவை சொல்கின்றன. தகாதது என்றால் எது? அந்த ஒரு சொல்லுக்குள் லஞ்சமும் அடங்கும். மேலதிகாரிக்குப் பிடிக்காத திருமணமும் அடங்கிவிடக்கூடும். சொல் அகலமாக இருந்தால் அதைக் கையாளுகிறவரின் விருப்பு வெறுப்பும் அதில் நுழையும். இங்கிலாந்திலும் இந்தத் தொல்லை இருந்தது. திருமணம் செய்துகொள்ளவும் போலீஸ்காரர் அனுமதி பெறவேண்டியிருந்த காலம் ஒன்று அங்கே உண்டு. பாராளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களிக்கலாம் என்ற உரிமை 1887-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. ஊராரின் உரிமைகளைக் காப்பதற்கென்று நிறுத்தப்பட்டவருக்கே வாக்குரிமை இல்லை!

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இது புதிதன்று. ஆசிரியர் தேநீர்க் கடையில் நெடுநேரம் அமரலாமா, சினிமாக் கொட்டகை வரிசையில் நிற்கலாமா என்று கேட்ட பள்ளி நிர்வாகிகள் அந்நாளில் இருந்தார்கள். அந்தக் கேள்விகளால் எந்த மாணவனுக்கும் கணக்கு நன்றாக வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆசிரியருக்கும் போலீஸ்காரருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வீதியில் போகும் ஒருவரைத் தடுத்து நிறுத்தி, "என்னோடு வா" என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்ததில்லை. அவருக்கு உண்டு. அவர் சொன்னால் மக்கள் போகிறார்கள். ஏன் என்று கேட்கக்கூட அஞ்சுகிறார்கள். விடுமுறை நாளில் லுங்கி கட்டிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும்போதும் அவர் போலீஸ்காரர் என்பது தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு ஏற்பட்டால், இவர் ஒரு சொல்லும் சொல்லாதபோதும், அந்த மனிதர் தம் வழக்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார். அதிகாரம் இவருடைய விருப்பமின்றியே இவரோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

ஆகவே, ஒருவர் பணிநேரத்தில் இருந்தாரா என்று கடிகாரத்தைப் பார்த்துக் கேட்பதில் பயன் குறைவு. அந்தச் செயலில் அவருடைய பதவி உடன் வந்ததா என்றுதான் கேட்கவேண்டும். கடையில் வாங்கிய பண்டத்துக்குக் காசு கொடாமல் போவது, உறவினரின் கடனை வசூலிக்கக் கூடப்போய் நிற்பது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டபோது "நானும் இலாகாதான்" என்று அடையாள அட்டையை நீட்டுவது ஆகிய இவையெல்லாம் சொந்த வாழ்க்கை என்ற வேலிக்குள் அடங்கமாட்டா. பொய் சொல்லுவதும் அப்படியே. போலீஸ்காரர் நாளைக்கு நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டியவர். அச்சாட்சியை நம்பி ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாம். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சொன்னவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. அவருடைய சொல்லின்மேல் சட்டத்துக்கே இத்தனை எச்சரிக்கை இருக்குமானால், ஒரு காப்பீட்டுத் தாளில் அவர் எழுதும் பொய்யையும் அற்பமென்று தள்ள முடியாது.

எல்லைக்கோட்டின் மறுபுறத்துக்கு ஒரு நல்ல உதாரணம் குஜராத்திலிருந்து கிடைக்கிறது. அகமதாபாத் நகரில் காவலர் ஒருவர், ஒரு கைம்பெண்ணோடு உறவு கொண்டிருந்தார் என்பதற்காக வேலையிலிருந்தே நீக்கப்பட்டார். 2022-ஆம் ஆண்டில் குஜராத் உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்துச் செய்தது. சமூகத்தின் கண்ணுக்கு அது ஒழுக்கக்கேடாகத் தோன்றலாம். ஆயினும் அது இருவருக்கிடையேயான தனிப்பட்ட விஷயம், அதில் வற்புறுத்தலோ சுரண்டலோ இல்லை. எனவே நடத்தை விதிகளின்படி குற்றமாகக் கொள்வதற்கில்லை என்ற கருத்தில் அத்தீர்ப்பு அமைந்தது. அந்த நடத்தையை நான் புகழவில்லை, நீதிமன்றமும் புகழவில்லை. அவர் தம் பதவியைக் காட்டி அப்பெண்ணை அச்சுறுத்தியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். சந்தேகத்துக்குரிய மனிதரின் வீட்டுக் கதவையே இரவில் போலீசார் தட்டி விசாரிப்பது செல்லாதென்று கரக் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கூறினர். அவ்வுரிமை போலீஸ்காரரின் வீட்டு வாயிலில் மட்டும் நின்றுவிடுவதற்குக் காரணம் இல்லை.

ஆனால், "தனிப்பட்ட விஷயம்" என்று தட்டிக்கழித்ததனால் விளைந்த பெருங்கேடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 மார்ச் மாதத்தில் லண்டனில், பணி முடிந்திருந்த போலீஸ்காரன் ஒருவன், இரவில் தனியே வீடு திரும்பிக்கொண்டிருந்த இளம்பெண்ணைத் தன் போலீஸ் அட்டையைக் காட்டி நிறுத்தினான். கொள்ளைநோய்க் கால விதிகளை மீறினாள் என்று பொய்யாகச் சொல்லி, விலங்கிட்டுக் காரில் ஏற்றிச் சென்று கொலை செய்தான். அவன் பெயரை இங்கே சொல்லவேண்டிய அவசியமில்லை. ஆயுள் முழுவதும் சிறை என்று தண்டித்த நீதிபதி, போலீஸ் பதவியை அவன் அதற்குக் கருவியாக்கியதையே அத்தண்டனைக்கு முக்கிய காரணமாகக் காட்டினார். பின்னர் எலிஷ் ஆஞ்சியோலினி என்னும் அம்மையார் நடத்திய விசாரணையின் முதல் அறிக்கை 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. அவன் போலீசில் சேர்க்கப்பட்டிருக்கவே கூடாது என்றும், பெண்களிடம் அவன் அநாகரிகமாக நடந்ததாக முன்னரே வந்த புகார்கள் சரிவர விசாரிக்கப்படவில்லை என்றும் அது சொல்லிற்று. அவையும் பணிநேரத்துக்குப் புறம்பான செயல்களே. குஜராத் காவலரின் வீட்டு வாழ்வைத் துருவிய கண்கள் அங்கே இருந்திருந்தால் நலம் என்று சிலர் சொல்லலாம். அது பிழை. இரண்டு செயல்களும் ஒரே இனத்தவை அல்ல. ஒன்றில் பிறருக்குத் தீங்கில்லை. மற்றதில் மகளிர் அவமதிக்கப்பட்டிருக்கின்றனர். துருவ வேண்டிய இடத்தில் துருவாமல், வேண்டாத இடத்தில் துருவுவது எல்லா இலாகாக்களிலும் உள்ள நோய்.

இங்கிலாந்தின் நடத்தை விதிகள், பணியிலும் பணிக்கு வெளியேயும் போலீசுக்கு அவப்பெயர் தேடலாகாது, மக்களின் நம்பிக்கையைக் குலைக்கலாகாது என்கின்றன. நல்ல விதிதான். ஆயினும், பணிக்கு வெளியே உயர்ந்த நடத்தையைக் கேட்பவர்கள், பணிக்கு வெளியே என்று ஒரு நேரத்தை முதலில் அவருக்குக் கொடுக்கவேண்டாவா? தமிழ்நாட்டில் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்னும் அரசாணை 2021-ஆம் ஆண்டில் வந்தது. திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை என்று தொடர்ந்து வெயிலில் நிற்பவரிடம் பொறுமையை எதிர்பார்க்கிறோம். அவர் உறங்கினாரா என்று கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. உயர்ந்த ஒழுக்கம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் விரல் கடைநிலைக் காவலரையே சுட்டுகிறது. மேலதிகாரியின் வீட்டில் காய்கறி வாங்கவும், நாயை உலாவ அழைத்துச் செல்லவும் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையைத் தமிழ்நாட்டு அரசு 1979-ஆம் ஆண்டிலேயே ஒழித்து ஆணையிட்டது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2022-இல், அவ்வாணையை நிறைவேற்றும்படி சென்னை உயர்நீதிமன்றம் வற்புறுத்த வேண்டியிருந்தது! காவலர் அங்கே பணியில்தான் இருந்தார். அதிகாரியோ தம் வீட்டில், தம் ஓய்வு நேரத்தில் இருந்தார். அந்த நேரத்தில் அவர் எந்த அளவுகோலால் அளக்கப்பட்டார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

லண்டன் கொலைக்குப் பிறகு, 2021 அக்டோபரில், அந்நகரப் போலீசார் புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்தனர். சாதாரண உடையில் தனியாக உள்ள காவலர் ஒருவர் தனியே இருக்கும் பெண்ணை அணுகினால், கட்டுப்பாட்டு அறையில் சீருடையில் இருக்கும் அதிகாரியைப் படத்தோடு தொலைபேசியில் அழைத்து, தாம் மெய்யாகவே போலீஸ் என்பதை அவளுக்கு மெய்ப்பிக்க வேண்டும். நம் நாட்டில் டி. கே. பாசு வழக்கில் 1996-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இதுபோன்ற பாதுகாப்புகளைக் கட்டளையாகவே தந்திருக்கிறது. அவற்றுட் பல பின்னர்ச் சட்டத்திலும் ஏறின. கைது செய்பவர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, குடும்பத்தாரோ அவ்விடத்து மரியாதைக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இடச் செய்யவேண்டும். சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும், விசேஷ காரணமும் மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் பெண் அதிகாரியும் இன்றி, ஒரு பெண்ணைக் கைது செய்யலாகாது. சாதாரண உடையில் ஒருவர் வந்து உங்களை அழைத்தால், பெயரையும் அட்டையையும் நிலையத்தையும் கேட்கலாம். நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். அப்படிக் கேட்பதை நேர்மையான போலீஸ்காரர் எவரும் அவமதிப்பாகக் கருதமாட்டார்.