டாக்டர் சம்பளக்காரர் ஆனபோது

உட்காருங்க அண்ணாச்சி, டீ வரட்டும். அமெரிக்காவில் யாரோ ஒரு டாக்டர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தால், சென்னையில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் அச்சங்குளத்துப் பிள்ளையின் ப்ராஜெக்ட் ஏன் முடிகிறது என்று கேட்டீர்கள். 2021 பிப்ரவரி 12-ல் இங்கே பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் போனார்களே, அதன் பிறகு வெடிமருந்து வாடையே படக்கூடாது என்று நீங்கள் படிக்க வைத்த மகள் அவள். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

நாம் சிவகாசியில் டாக்டரைப் பார்த்தால் கையோடு பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அங்கே பெரும்பாலும் இன்சூரன்ஸ்தான் தர வேண்டும். நோய்க்கு ஒரு கோடு (குறியீட்டு எண்), செய்த சிகிச்சைக்கு ஒரு கோடு போட்டு அனுப்ப வேண்டும். 2015 அக்டோபரில் ஐசிடி-10 என்ற புதுப் பட்டியல் வந்தபோது நோய்க் கோடுகள் மட்டும் சுமார் 14,000-லிருந்து 68,000 ஆகப் பெருகின. சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்கு இதற்கு ஏது நேரம்? வசூலாவதில் இத்தனை சதவீதம் என்று பேசி, பில்லிங் ஆபீஸ் ஒன்றிடம் ஒப்படைக்கிறார். அதில் பல, சில டாக்டர்களை மட்டும் நம்பி நடக்கும் சின்ன ஆபீஸ்கள். அவர்கள் கோடிங்கையும், இன்சூரன்ஸ்காரர்களைக் கூப்பிட்டுப் பாக்கி கேட்கும் வேலையையும் சென்னைக்கோ திருச்சிக்கோ அனுப்புகிறார்கள். உங்கள் மகள் செய்யும் ‘ஏஆர் காலிங்’ அதுதான்.

இப்போது அந்த டாக்டர்கள் கிளினிக்கை விட்டுக்கொடுத்துவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போகிறார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கணக்கில், 2012-ல் நூற்றுக்கு 60 பேர் தனியார் பிராக்டிஸில் இருந்தார்கள். 2024-ல் 42 பேர்தான். காரணம் பணம்தான். விலைவாசி ஏறிய அளவுக்கு அமெரிக்க அரசின் மெடிகேர் இன்சூரன்ஸ் டாக்டருக்குத் தரும் தொகை ஏறவில்லை. அதே சிகிச்சையை ஆஸ்பத்திரியின் பெயரில் செய்தால் மெடிகேர் பல இடங்களில் கூடுதலாகத் தருகிறது. இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேரம் பேசவும் தனி ஆளுக்குப் பலம் கிடையாது.

ஆஸ்பத்திரிக்குள் போனதும் டாக்டரின் பத்து இலக்க அடையாள எண் மாறாது. ஆனால் பணம் ஆஸ்பத்திரியின் வரி எண்ணுக்குப் போகும். அங்கே எபிக் போன்ற ஒரே சாஃப்ட்வேர், ஒரே பில்லிங் பிரிவு. வெளியே இருக்கும் சின்ன ஆபீஸுக்கு இடமில்லை. தீப்பெட்டிக்கு முழு மிஷின் வந்தபோது நம் வீடுகளில் பெட்டி ஒட்டிய கூலி நின்றதே, அந்த மாதிரி. வேலை நடக்கிறது, நடக்கும் இடம்தான் வேறு.

அந்தச் சின்ன ஆபீஸ்காரர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்? முதலில் பழைய பாக்கி. டாக்டர் போன நாளுக்கு முந்தைய பில்கள் பெரும்பாலும் கிளினிக்கின் சொத்து. மெடிகேருக்கு, சிகிச்சை தந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பில் அனுப்பலாம். மறுத்தால் முதல் மேல்முறையீட்டுக்கு 120 நாள். ஆகவே கிளினிக் மூடிய பிறகும் பல மாதம் வசூல் வேலை இருக்கும். இதில் ஒரு கண்ணி உண்டு அண்ணாச்சி. சதவீதக் கூலி என்பதால் பணம் வந்தால்தான் கூலி. கிளினிக்கின் பழைய சாஃப்ட்வேர் கணக்கை மூடிவிட்டால், இன்சூரன்ஸ்காரர் கேட்கும் சிகிச்சைக் குறிப்பை எங்கே போய் எடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் ஒப்பந்தம் போடும்போதே இரண்டு மூன்று மாத நோட்டீஸ், பழைய பில்லுக்கும் சதவீதம், ரெக்கார்டைப் பார்க்கும் உரிமை என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். எழுதி வாங்காதவர்களுக்குக் கூலியும் இல்லை, பேச ஆளும் இல்லை. எனக்கு மனசு கனப்பது அவர்களை நினைத்துத்தான்.

அடுத்தது வேறு வகை டாக்டர்களைப் பிடிப்பது. மனநல ஆலோசகர்கள், கால் பாத மருத்துவர்கள், பல் டாக்டர்கள் பக்கம் சொந்தக் கிளினிக்குகள் இன்னும் நிறைய. மயக்க மருந்து தரும் டாக்டர்களின் பில்லுக்கு நிமிடக் கணக்கு. பதினைந்து நிமிடம் ஒரு யூனிட். அந்த நுணுக்கம் தெரிந்த பில்லரை எளிதில் விடமாட்டார்கள். சம்பளம் வேண்டாமென்று மறுபடி கிளினிக் திறக்கும் டாக்டருக்கு ஒவ்வொரு இன்சூரன்ஸிலும் பெயரைப் பதிந்து கொடுப்பதும் ஒரு தொழில்.

மகளிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். ப்ராஜெக்ட் முடிவது புது பில்லுக்கு மட்டுமா, பழைய பாக்கிக்கும் சேர்த்தா? டாக்டர் பில் போகும் 1500 படிவம் அவளுக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரி பில் போகும் யூபி-04 படிவத்தில் பழக அதே கம்பெனியில் வேறு டீமுக்கு மாற முடியுமா? நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.